படி ஏறுவது ஈஸி என்று சொன்னேன்

கொரோனா ஓய்ந்து வெள்ளைக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த நேரம். இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு. சீசன் முடிந்த பிறகுதான் நிரந்தரமாக்குவது பற்றிப் பார்க்கலாம் என்று மெனேஜர் சொல்லியிருந்தார். என் வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

திடீரென்று ஒருநாள் எங்களுக்கு இலவச இங்கிலீஷ் வகுப்பு என்றார்கள். இலவசம் என்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. பதுளையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே பலகையில் 'ஐ பைன்ட் இட் டிபிகல்ட்' என்று எழுதி, அதோடு உங்கள் வேலையில் எது கஷ்டமோ அதைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார். கஷ்டமில்லை என்றால் 'ஈஸி' போட்டுக்கொள்ளலாமாம். எடுத்த எடுப்பிலேயே யாராவது கஷ்டத்தைக் கேட்பார்களா?

நாங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவர்கள். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது துரை என்ன கேட்டாலும் ஒன்றுமில்லை என்பதுதான் எங்கள் பதில். முடியாது என்று வாய் திறந்தால் பெயர் ஆபீசுக்குப் போய்விடும் என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்தார். 'கஷ்டமா இருக்கு' என்று தமிழில் பொதுவாகச் சொல்லித் தப்பிக்கலாம். இந்த வசனத்திலோ 'நான்' முதலில் வந்து நிற்க வேண்டும். கைநாட்டு வைப்பது மாதிரிதான்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் மெனேஜரின் அறையில் டீ குடிப்பார். "சும்மாவா டீ குடுக்குறாங்க? நம்மளப் போட்டுக் குடுக்கத்தான்" என்றார் சமையல்கட்டு அண்ணன். ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்குவது கஷ்டம் என்று உண்மையைச் சொன்ன சலவை அக்காவை, அடுத்த வாரமே பூந்தோட்டத்துக்கு மாற்றினார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அதற்குப் பிறகு வகுப்பில் அண்ணனுக்கு வெங்காயம் உரிப்பது மட்டும்தான் கஷ்டமாக இருந்தது.

என் முறை வந்தபோது, மாடிப்படி ஏறுவது ஈஸி என்றேன். உண்மையில், பாதிப் படியில் வாளியை வைத்துவிட்டு, மூச்சு திரும்பும்வரை கைப்பிடியைத் துடைப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தவள் நான். டீச்சர் 'குட்' சொல்லவில்லை. எல்லோரும் போனபின் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"பிள்ளை, படி ஏறுறது ஈஸியெண்டு சொன்னனீர். அந்தச் சின்ன வசனத்தைச் சொல்லி முடிக்க ஏன் ரெண்டு தரம் மூச்சு வாங்கினனீர்?"

"ஒன்னும் இல்லைங்க டீச்சர்."

அவர் விடவில்லை, படியில் மூச்சு வாங்குவதைச் சொல்லவைத்துவிட்டார். மெனேஜரிடம் சொல்லிவிடுவீர்களா என்று பயந்துகொண்டே கேட்டேன். "அது நீர் சொல்லவேண்டிய கதை. முதல்ல டொக்டரிட்டச் சொல்லும்" என்றார்.

அந்த வாரமே பதுளை ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தார். எனக்கு ஏன் இவ்வளவு செய்கிறார் என்று பஸ்ஸில்கூடச் சந்தேகமாகத்தான் இருந்தது. இதய வால்வு ஒன்று சுருங்கியிருக்கிறது, இப்படியே விட்டிருந்தால் ஒருநாள் படியிலேயே விழுந்திருப்பாய் என்றார் டொக்டர்.

திரும்பி வந்து, மெனேஜரின் முன்னால் நின்று, அந்த வசனத்தை நானே சொன்னேன். "ஐ பைன்ட் இட் டிபிகல்ட் டு கிளைம்ப் த ஸ்டெப்ஸ்." அவர் கீழ்த்தள அறைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வால்வுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து வந்த பிறகு வேலையும் நிரந்தரமானது.

பூந்தோட்டத்து அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "எனக்கு இடுப்பு வலியே போயிருச்சு. நீங்கதான் என்னயத் தண்டிச்சிட்டாங்கன்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சீங்க" என்றார்.

டீ குடிக்கும்போது டீச்சர் மெனேஜரிடம் என்னதான் பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான்தான் என்ன கஷ்டம் என்று கேட்கிறேன். அன்று நான் டீச்சரைப் பார்த்த அதே பார்வையோடு "ஒன்னும் இல்லக்கா" என்கிறார்கள், நானும் அந்தப் பேச்சை விட்டுவிட்டு அவர்களுடைய மூச்சைக் கவனிக்கிறேன்.