முந்தி வெடித்த சரவெடி

ஓடாத நாடகத்தில் நன்றாக நடித்தவருக்கு எதற்குப் பரிசு என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று கோபம் வரும். போன வாரம்கூட டிவியில் யாரோ ஒருவர் அப்படிப் பேசப்போய், பட்டென்று அணைத்துவிட்டேன். இந்த வழக்கை நான் ஒன்பது வயதிலேயே மேடையில் நின்று கேட்டவள்.

எம். புதுப்பட்டியில் தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் திறக்காமல் இருக்கும் நாட்களில் தெருவுக்கு ஒரு இசை நாடகம் போடுவார்கள். சிவகாசியிலிருந்து காலண்டர் அச்சகத்து முதலாளி ஒருவர் வந்து பார்த்துப் பரிசு கொடுப்பார். எங்கள் தெரு நாடகத்தை எழுதியவர் பெரியப்பா. பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். கடிகாரத்தை நம்பாதவர். முட்டை வேக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால்கூட இரண்டு கையையும் விரித்துத் திரியின் நீளத்தைத்தான் காட்டுவார்.

நாடகத்தில் கணவன் செத்துக் கிடக்க, மனைவி ஒப்பாரி பாடுவாள். பாட்டு முடிந்ததும் சரவெடி வெடிக்கும், சாமி தோன்றும், செத்தவர் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார். பாட்டு தொடங்கும்போது மேடைக்குப் பின்னால் திரியைப் பற்றவைத்தால் முடியும்போது வெடிக்க வேண்டும். ஒத்திகையில் பாட்டைக் கேட்டு அந்த அளவுக்குப் பெரியப்பா திரியை வெட்டி வைத்திருந்தார். மனைவியாக நடித்தது அத்தை, அப்பாவின் தங்கை. நான் அவளுடைய மகளாக நடித்தேன். செத்துக் கிடந்தவர் பக்கத்து வீட்டு மாமா.

அத்தை மேடையேறுவதில் அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. கிளம்பும்போது வாசலில் நிறுத்திச் சொன்னார்: "பரிசு குடுக்கும்போது மைக்குல ஒம் பேரச் சொன்னாகன்னா அடுத்த வருசமும் நடி. இல்லேன்னா இதோட சரி."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அன்றைக்கு அவள் பாடியது ஒத்திகையில் கேட்காத பாட்டாக இருந்தது. சொற்கள் அதேதான். ஆனால் ஒவ்வொரு அடியையும் திரும்பத் திரும்பப் பாடினாள், விட மனமில்லாதவள்போல. அவள் மடியில் கிடந்த எனக்கு, நடிப்பு என்பது மறந்து அழுகையே வந்துவிட்டது.

பாட்டு பாதியில் இருக்கும்போது சரவெடி வெடித்தது.

மாமா பழக்கதோஷத்தில் சிரித்துக்கொண்டே எழுந்து கைகூப்பினார். சாமியும் வந்து ஆசீர்வாதம் செய்தது. பக்கத்திலேயே அத்தை ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். மாமா திருதிருவென்று விழித்துவிட்டு மறுபடியும் படுத்துச் செத்துப்போனார். சாமி வந்த வழியே பின்னால் நடந்தது. விசில் பறந்தது. பாதிப் பேர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போனார்கள். நானும் ஓடத்தான் பார்த்தேன். அத்தை என்னை இழுத்து மடியோடு அழுத்திக்கொண்டாள். புகைக்கு நடுவே உட்கார்ந்து கடைசி அடிவரை பாடினாள். முடித்தபோது, முன்வரிசையில் விழுந்து விழுந்து சிரித்த பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எல்லாத் தெரு நாடகமும் முடிந்ததும், சிறந்த நடிப்புக்கான கோப்பையை அறிவிக்கும் முன் மூன்று பெண்களை மேடைக்கு அழைத்தார் முதலாளி. அத்தை பேர் இல்லை. அத்தை எழுந்தாள், விறுவிறுவென்று மேடையேறி நாலாவது ஆளாகப் போய் நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன்.

"ஒம் பேரக் கூப்பிடலியேம்மா" என்றார் முதலாளி.

"தெரியும்ங்கய்யா. கூப்பிட மாட்டீகன்னுதான் நானே வந்தேன்."

"ஒங்க நாடகமே தோத்துப் போச்சு. அதுல நடிச்சதுக்கு என்னம்மா பரிசு?"

"வெடி முந்துனதுக்கு வெடியக் கேளுங்க. நான் பாடுனத மட்டும் சொல்லுங்க. நல்லா இருந்துச்சா, இல்லையா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"அப்ப எம் பேர மைக்குல சொல்லுங்க. கப்ப யாருக்கு வேணாலும் குடுங்க."

சொன்னார். ஊரே கேட்கும்படி சொன்னார். கோப்பை மேலத்தெருக்காரிக்குப் போனது. கூட்டத்தின் கடைசியில் நின்ற அப்பாவை, அவர் தலை குனியும்வரை அத்தை மேடையில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ கோப்பை கிடைக்கவில்லையே என்று வழியெல்லாம் தேம்பிக்கொண்டு வந்தேன்.

பெரியப்பாவைத்தான் ஊர் படாதபாடு படுத்தியது. கேலி செய்தவர்களிடமெல்லாம், "திரி அளவு சரியாத்தாம்லே இருந்துச்சு" என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அடுத்த வருடம் வீம்புக்கு அதே நாடகத்தையே போட்டோம். அப்பா சொன்ன சொல் தவறவில்லை. இந்த முறை வாசலில் நிறுத்தி நிபந்தனை எதுவும் போடவும் இல்லை. அதே பாட்டு. அதே அளவுத் திரி என்று பெரியப்பா சத்தியம் செய்தார். அத்தை கடைசி அடியைப் பாடி நிறுத்தவும் சரவெடி வெடிக்கவும் சரியாக இருந்தது.

இதுதான் கடைசி மேடையோ என்று போன வருடம் அவள் பாட்டை முடிக்காமல் இழுத்திருக்கிறாள் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்? பெரியப்பா ஒருவழியாகத் திரியை ஒழுங்காக வெட்டக் கற்றுக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.