காரணம் என்ற இடத்தில் அப்பா

இன்று மியூனிக்கிலிருந்து ஸ்டுட்கார்ட் வரும் ரயிலில், எனக்கு எதிரே ஜெர்மன் ராணுவச் சீருடையில் ஒரு பெண். இருபது வயதிருக்கும். மார்பில் தமிழ்ப் பெயர்.

நான் தொலைபேசியில் பேசி முடித்ததும், "அன்ரி, நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்றாள்.

"ஓம்." அதற்கு மேல் பேசும் எண்ணம் எனக்கில்லை. அவள் விடவில்லை.

அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்ததால் ராணுவமே அவளைப் பொறியியல் படிக்கவைக்கிறது. கணிதத்தில் இரண்டு முறை தவறிவிட்டாள். மூன்றாவதும் போனால் படிப்பே போய்விடும். அதற்குள் உளவியலுக்கு மாற ராணுவத்திடம் அனுமதி கேட்கிறாள். விண்ணப்பத்தை மடிக்கணினியில் காட்டினாள்.

காரணம் என்ற இடத்தில் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். ஊரில் இலங்கை ஆமிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. இன்றும் கதவு அடித்துச் சாத்தினால் அவர் மேசைக்கடியில் ஒளிவது.

"அப்பாவைக் கேட்டனியோ, பிள்ளை?"

"நான் ஆமியில இருக்கிறதே அவருக்குத் தெரியாது, அன்ரி. சும்மா யூனியில படிக்கிறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

அப்போது அவரே அழைத்தார். குரல் எனக்கும் கேட்டது. "எங்கட இஞ்சினியர் எங்கை நிக்கிறா?"

"ட்ரெயின் பிந்துது, அப்பா."

"ஜெர்மன்காரன்ர ட்ரெயின் எல்லே!" என்று சிரித்தார்.

அழைப்பு முடிந்ததும் அந்தப் பத்தியை அழித்தாள். 'கணிதம் கடினமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, சீருடையை மாற்றக் கழிப்பறைக்குப் போனாள்.

இந்தக் காரணத்துக்கு யாரும் பாடம் மாற்றித் தரமாட்டார்கள். அவளுக்கும் தெரியும்.

நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும் என்பவர்கள், அந்த அப்பாவிடம் எதை முதலில் சொல்வது என்பதையும் கீழே எழுதுங்கள்.