பதினாறு டிபி

என் சிநேகிதன் எட்சனிடம் நல்ல கேமரா உண்டு, சுமாரான லேப்டாப் உண்டு, மனிதரைச் சந்தேகப்படும் குணம் மட்டும் கிடையாது. நெய்யூர்ப் பக்கத்தில் கல்யாணம், புதுவீட்டுப் பிரதிஷ்டை, அடக்கம் என்று எது நடந்தாலும் வீடியோவுக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் சாவுக்கும் வீடியோ வேண்டும். பிள்ளைகளில் பாதிப்பேர் கல்ஃபில் இருந்தால் வேறென்ன செய்வது?

அவனுக்கு லேப்டாப்பில் இடம் போதவில்லை. ஒரு கல்யாணத்தைக் கொட்டினாலே நிறைந்துவிடும். சுழலும் ஹார்டு டிஸ்கில் வைத்து எடிட் செய்தால் படம் திக்கித் திக்கி ஓடும். கை தவறிக் கீழே விழுந்தால் கதை முடிந்தது. அதனால் ஒரு டிபி, அதாவது ஆயிரம் ஜிபி பிடிக்கும், சுழலாத எஸ்எஸ்டி டிரைவ் ஒன்று வாங்குவதென்று மாதக்கணக்கில் யூடியூப் பார்த்து, கம்பெனி, மாடல், வேகம் எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தான். அவ்வளவு விவரம் தெரிந்தவன் எப்படிக் கவிழ்ந்தான் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவன் பெரியம்மா ஓமனாவின் மகள் சபிதா குவைத்தில் நர்ஸ். லீவுக்கு வருமுன் என்ன வேண்டுமென்று கேட்டாள். மாடல் பெயரை அனுப்பினான். அவள் கொண்டுவந்தது வேறு.

“நீ ஒரு டிபிதானே கேட்ட. இது பதினாறு. கடைக்காரன் ஆஃபர்ல தந்தான் மக்கா,” என்றாள்.

கேள்விப்படாத கம்பெனி. கைக்குக் கனமே இல்லை. இந்த மாதிரி டிரைவை நம்பாதீர்கள் என்று அவன் பார்த்த யூடியூப்காரர்கள் அத்தனை பேரும் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கல்ஃபிலிருந்து வந்த சாமானைச் சந்தேகப்பட்டால் கொண்டுவந்தவளையே சந்தேகப்பட்ட மாதிரி. மாட்டிப் பார்த்தான், பதினாறு டிபி என்றே காட்டியது. இரண்டு சின்ன விசேஷங்களை ஏற்றி ஓட்டினான், பழுதில்லை. எஸ்எஸ்டி வாங்கும் யோசனையை அத்தோடு விட்டுவிட்டான். எடிட் முடித்துக் கொடுத்த பழைய வேலைகளை அதில் ஏற்றிவைத்தான், திரும்பத் திறந்து பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஓமனா இறந்தாள். சபிதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. எட்சன் லைவ் போட்டான். ஜெபம் தொடங்குவதற்குள் சிக்னல் போய்விட்டது.

“போட்டும் மக்கா. நீ வீடியோ எடுத்து வச்சிரு. நான் வந்து பாத்துக்கிடுதேன்,” என்று போனில் அழுதாள் சபிதா. அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க அவளுக்கு மிச்சமிருந்த வழி அதுதான்.

பெட்டி மூடுமுன் முகம் பார்ப்பது முதல் கல்லறைத் தோட்டம் வரை எல்லாம் எடுத்து, அந்தப் பதினாறு டிபியில் ஏற்றினான். ஃபைல்களின் பெயர்களும் அளவுகளும் சரியாக இருந்தன. மறுநாள் ஒரு கல்யாணம் இருந்ததால் கேமரா கார்டை அழித்துவிட்டான். அழிக்கும் முன் இரண்டு இடத்தில் நகல் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். இரண்டாவது இடத்துக்கு அவன் எங்கே போவான்?

சபிதா வரப்போகிறாள் என்றதும் எடிட் செய்ய உட்கார்ந்தான். பெயர்கள் அப்படியே இருந்தன. அடக்கத்தில் எடுத்த ஒரு வீடியோவும் திறக்கவில்லை. நாகர்கோவிலில் அழிந்த டேட்டாவை மீட்டுத் தரும் கடைக்காரர் டிரைவின் கூட்டைப் பிளந்து காட்டினார். உள்ளே போனில் போடும் மெமரி கார்டு ஒன்றைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

“இது அறுபத்திநாலு ஜிபிதான் தம்பி, பதினாறு டிபின்னு பொய்யாக் காட்டுது. அதுக்கு மேல நீங்க போட்டதுல பேரு மட்டுந்தான் ஏறியிருக்கு. உள்ள இருந்தாத்தானே எடுக்க முடியும்?”

சபிதா வந்த அன்றைக்கே, சூட்கேஸைக்கூடத் திறக்காமல் எட்சன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“கேமரா கார்டு கெட்டுப்போச்சு அக்கா. ஒண்ணும் மிஞ்சல்ல,” என்றான்.

அந்தப் பொய்யை நான் குறை சொல்லமாட்டேன். தான் ஆசையாக வாங்கி வந்த சாமான்தான் அம்மாவை விழுங்கியது என்று தெரிந்தால் அவள் தாங்குவாளா? திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் திட்டவில்லை.

“நீ கிட்டதானே நின்ன. அம்மைக்க மொகம் எப்பிடி இருந்துது? அத மட்டும் சொல்லு.”

எட்சன் யோசித்தான். ஜன்னல் பக்கத்து வெளிச்சம் கூடுதலாக இருந்தது, லென்ஸில் சாரல் விழுந்தது, பேட்டரி சிவப்புக் காட்டியது எல்லாம் ஞாபகம் வந்தன. பெரியம்மாவின் முகம் வரவில்லை.

“உறங்குன மாதிரி இருந்துது அக்கா.”

“எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க,” என்று சொல்லிவிட்டு சபிதா எழுந்து போனாள்.