இல்லாத காரில் இடமில்லை

எங்கள் வீட்டு பிரிஜ் கதவில் ஒரு கார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அது என்ன என்று கேட்பார்கள். ஒருமுறை காசு கட்டினால் இந்த நாட்டின் பழைய மாளிகைகள், கோட்டைகள், பூந்தோட்டங்கள் பலவற்றை வருடம் முழுக்கப் பார்க்கலாம் என்று ஓர் அங்கத்துவ அட்டை தருகிறார்கள். அட்டையோடு கூட வருவதுதான் இந்த ஸ்டிக்கர். காரின் முன்கண்ணாடியில் ஒட்டினால் மாளிகையின் தரிப்பிடத்துக்குக் காசு இல்லை. எங்களிடம் கார் இல்லை. எறிய மனமில்லாமல் என் மனைவி வசந்தி அதை பிரிஜ்ஜில் ஒட்டிவிட்டாள். ஆக, எங்கள் பிரிஜ்ஜை இங்கிலாந்தின் எந்த மாளிகை வாசலிலும் இலவசமாக நிறுத்தலாம்.

அட்டையை வாங்கியது மகள் தாரணி. வயது பதினேழு, சரித்திரம் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் ஒரு சப்பாத்துக் கடையில் வேலை செய்து சேர்த்த காசில் என் பிறந்தநாளுக்கு மூன்று பேருக்குமாக வாங்கித் தந்தாள். அப்பா வீட்டுக்கும் கடைக்கும் இடையிலேயே கிடக்கிறார், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. லண்டன் மனோர் பார்க்கில் பார்சல் எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பூட்டு. நாட்டுப்புறத்து பஸ்களோ பெரும்பாலும் அதே ஞாயிற்றுக்கிழமையில்தான் ஓடுவதில்லை. கார் இல்லாதவனுக்கு இந்த அட்டை ஆதாயமா என்று ஊரிலிருந்தும் இங்கிருந்தும் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: மாளிகை கட்டிய பிரபுக்கள் பஸ்ஸில் வருகிறவனை நினைத்துக் கட்டவில்லை. குதிரை வண்டிக்காகக் கட்டினார்கள், இப்போது அதில் கார் வருகிறது. நடந்து வருகிறவனுக்கு வேலியோரப் புல்லுத்தான் பாதை.

எங்களிடமும் முந்திக் கார் இருந்தது. ஒருநாள் குளிக்கப் போன நான் குளியலறை வாசலில் விழுந்து கையும் காலும் இழுத்துக்கொண்டு கிடந்தேன். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் சனத்தின் வைத்தியம். வசந்தி கத்திக்கொண்டு ஓடி, முதலில் அகப்பட்ட இரும்பைக் கொண்டுவந்து என் கைக்குள் திணித்திருக்கிறாள். அது கார்ச் சாவி கோத்த திறப்புக் கொத்து. பிறகு இன்னும் இரண்டு தடவை வந்தது. டொக்டர் கார் ஓடக்கூடாது என்றார். அனுமதிப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பினேன், காரை விற்றேன். வீட்டுக்கு வெளியே சனத்துக்கு வேறு கதை சொன்னேன். பழைய டீசல் கார், லண்டனுக்குள் ஓடினால் ஒவ்வொரு நாளும் புகைக் கட்டணம், கட்டிக் கட்டாது, அதுதான் வித்துப்போட்டன் என்றேன். எல்லாரும் நம்பினார்கள். கஞ்சன் என்ற பெயர் ஒரு கிழமையிலேயே கிடைத்துவிட்டது. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

லண்டனுக்கு வருமுன் டென்மார்க்கில் இருந்தோம். அங்கே கார் இல்லாதவனை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பனிக்குள்ளும் சைக்கிள் மிதித்துத்தான் வேலைக்குப் போனேன், என்னுடைய முதலாளியும் அப்படித்தான் வந்தார். லண்டனில், அதுவும் எங்கள் ஆட்களுக்குள், கார் இல்லாதவன் பாதி ஆள். ஆனால் வலிப்புக்காரன் அந்தப் பாதியும் இல்லை. ஊரில் எங்கள் வீட்டுத் தெருவான ஒழுங்கையில் ஒருவருக்கு இந்த வருத்தம் இருந்தது. தங்கமான மனிசன். அவருடைய தங்கைக்குப் பேசிவந்த சம்பந்தமெல்லாம் வாசல் படலையோடு திரும்பிப் போயிற்று. ‘அந்தக் குடும்பத்தில இருக்கு’ என்று ஒரு சொல் போதும். எனக்கு ஒரே ஒரு பெண்பிள்ளை. நாளைக்கு அவளைப் பற்றி நாலு சனம் விசாரிக்கும்போது அந்தச் சொல் வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் கஞ்சனாக இருக்கிறேன்.

இந்த வைகாசியில் ஒரு ஞாயிறு, தாரணி தேடிப் பிடித்த மாளிகை ஒன்றுக்குப் போனோம். இரண்டு ரெயில் மாறி, ஒரு சின்ன ஸ்டேசனில் இறங்கி, நடைபாதை இல்லாத ரோட்டில் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். கார் வரும்போதெல்லாம் வசந்தி முள்வேலிக்குள் ஒதுங்கினாள். எனக்கு மானம் போனது. வாசலில் எங்கள் சப்பாத்துச் சேற்றைப் பார்த்து எவராவது ஏதும் கேட்பார்களோ என்று உள்ளுக்குள் கூசிக்கொண்டே போனேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வோர் அறையிலும் சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் வயதானவர்கள் நின்று அன்பாகக் கதைத்தார்கள். நூலக அறையில் நின்ற வெள்ளைத்தலை அம்மா தாரணியோடு வெகுநேரம் சரித்திரம் பேசினார். கடைசியில் என்னைப் பார்த்து, கார் நிறுத்த இடம் கிடைத்ததா என்று கேட்டார். சும்மா கேட்கிற கேள்வி. ‘ஓம், கீழ்த் தரிப்பிடத்தில் கிடைத்தது’ என்று ஆங்கிலத்தில் வாய்கூசாமல் சொன்னேன். எங்கே எந்த ரெயில், எங்கே எத்தனை மைல் நடை என்று ராத்திரிகளில் இருந்து பார்த்த தாரணி பக்கத்தில் நின்றாள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் புத்தக அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூட்டும் நேரம் மழை பிடித்தது. வாசலில் நின்றோம். அந்த அம்மா மழைக்கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். தன்னைக் கூட்டிக்கொண்டு போகும் சிநேகிதிக்கு இன்று சுகமில்லையாம். போகிற வழியில் ஸ்டேசனில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மன்னிக்கவேண்டும், காரில் இடமில்லை என்றேன். மூன்று பேர் நிற்கிறோம், இல்லாத காரில் நாலாவது ஆளுக்கு இடமில்லை என்கிறேன். அவர் மூன்று பேரையும் பார்த்தார். பரவாயில்லை, டாக்சிக்குச் சொல்கிறேன் என்று சிரித்துக்கொண்டு உள்ளே போனார். நிறத்துக்காக இடம் மறுத்தவர்களை எத்தனை கதைகளில் திட்டியிருப்போம். அன்று அந்தக் கிழவி என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? எனக்கு நிலத்தைப் பிளந்து இறங்கவேண்டும் போல இருந்தது.

“ஏனப்பா?” என்றாள் தாரணி.

மழைக்குள் வேலியோரமாக நடந்தோம். பாதிவழியில் ஒரு டாக்சி எங்களைத் தாண்டிப் போய் நின்றது. யார் என்று பார்க்காமலே தெரிந்தது. அந்த அம்மா முன்சீட்டில் இருந்தபடி, பின்னால் இடமிருக்கிறது, ஏறுங்கள் என்றார். ஏறினோம். நனைந்த உடுப்போடு அந்தச் சீட்டில் கூசிக்கொண்டு இருந்தது போல ஓர் இருப்பு என் சீவியத்தில் இல்லை. அவர் ஒரு குற்றமும் சொல்லவில்லை. ‘எனக்குக் கண்பார்வை குறைந்து அனுமதிப் பத்திரத்தை எடுத்துவிட்டார்கள், அதை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், சொல்லாவிட்டால் யார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்?’ என்று முன்னால் பார்த்தபடி சொன்னார். வசந்தி மெல்ல, “என்னவாம்?” என்று கேட்டாள். தாரணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வலிப்பு இருக்கிறது, நான் கார் ஓடுவதில்லை, எங்களிடம் கார் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சுகமாக வந்தது. அந்த அம்மா, ஐயோ பாவம், சரியான தொல்லை என்றார். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமை பஸ் விடாத கவுன்சிலை ஸ்டேசன் வரும்வரை திட்டினார். ரெயிலில் தாரணி என் தோளில் சாய்ந்து நித்திரையானாள். கணக்குப் பார்த்தால் அந்த அங்கத்துவம் எங்களுக்கு நட்டம். ஆனால் அன்று அந்த ரெயிலில் யாராவது கேட்டிருந்தால் ஆதாயம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு வெட்கம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சந்திரன் அண்ணை அகப்பட்டார். ஜெர்மனியில் இருந்து வந்தவர், பழைய கார் வாங்கி விற்பவர், வாய் பெரிதென்றாலும் நல்ல மனிசன். அன்னதான வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றார்.

“தம்பி, நல்ல ஹைபிரிட் ஒண்டு வந்திருக்கு. புகைக் காசும் இல்லை. இன்னும் எத்தினை நாளைக்கு இந்தக் குமர்ப்பிள்ளையை பஸ்ஸுக்கும் ரெயிலுக்கும் இழுத்துக்கொண்டு திரியப்போறாய்?” என்றார்.

வரிசையில் முன்னும் பின்னும் தெரிந்த முகங்கள். டாக்சியில் சொன்ன வசனம் ஆங்கிலத்தில் அப்படியே நாக்கு நுனியில் இருந்தது. அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். வலிப்பு என்ற சொல் வந்தால் அதற்குப் பின்னால் எங்கள் ஒழுங்கையும், அந்த மனிசனும், அவருடைய தங்கையும் சேர்ந்து வருவார்கள். பின்னால் நின்ற வசந்தி என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். நான் வாயை மூடினேன். தாரணி பார்த்துக்கொண்டு நின்றாள். ஆங்கிலத்தில் சொல்லிவிடப் போகிறாள் என்று பயந்தேன். சொல்லட்டும் என்றும் ஒரு மனம் ஆசைப்பட்டது.

அவள் அண்ணையைப் பார்த்துச் சிரித்தாள். “அப்பா சரியான கஞ்சன், மாமா. புகைக் காசு கட்டப் பயந்து காரை வித்தவர். நீங்கள் சும்மா குடுத்தாலும் பெட்ரோல் அடிக்கவேணும் எண்டு வாங்கமாட்டார்.”

வரிசையே சிரித்தது. அண்ணை அவளுடைய தலையைத் தடவி, “இங்க பிறந்த பிள்ளையள் வாயே திறக்குதுகள் இல்லை. இவள் பார், என்ன வடிவாத் தமிழ் கதைக்கிறாள். நல்லா வளர்த்திருக்கிறாய், தம்பி” என்றார்.

ஓம் அண்ணை என்றேன்.