கன்னியம்மா கூண்டேறிய நாள்

நான் வக்கீல் குமாஸ்தா. முப்பது வருஷமாக மனு எழுதுகிறேன். அதில் பாதி, சொத்துக்காக அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்ளும் கண்றாவி. தம்பி தங்கையை என்னிடமே கொடுங்கள் என்று கேட்டு வந்தவள் காசிமேட்டுக் கன்னியம்மா ஒருத்திதான். அது ஐம்பத்திரண்டாம் வருஷம், அவளுக்குப் பத்தொன்பது வயது. மீன் விற்றுவிட்டு, கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வருவாள். எங்கள் வக்கீல் மூக்கைப் பிடித்துக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும், அவர்மேல்தான்.

அவள் தாய் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தாள். ஆறே மாதத்தில், கட்டுமரத்தில் போன தகப்பன் வரதன் புயலில் சிக்கித் திரும்பவில்லை. அப்போது அவளுக்குப் பதினேழு. சோற்றுக்கு வழியில்லாமல் தம்பி தேசப்பனையும் தங்கை நீலாவையும் ராயபுரத்தில் ஒரு பிள்ளைகள் விடுதியில் விட்டாள். அங்கே தகப்பன் உண்டா என்று கேட்டார்கள்.

"கீறாரு. கடலுக்குப் போய்க்கீறாரு, வந்துடுவாரு" என்றாள். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அவர்கள் குப்பத்தில், உடல் கரை ஒதுங்காதவனுக்குக் காரியம் கிடையாது. செத்தான் என்று வீட்டார் வாயால் சொன்னால், அவன் திரும்பும் வழியை அவர்களே அடைத்ததாக அர்த்தம். வீட்டார் சொல்லாததை ஊராரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டு வருஷம், ஞாயிறுதோறும் விடுதிக் கம்பிக்கதவுக்கு வெளியே நின்று இருவரையும் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு வியாபாரம் நிலைத்தது. வாடகைக்கு ஓர் அறையும் பிடித்தாள். ஆனால் விடுதிக்காரர்கள், "தகப்பன் வந்து கேட்கட்டும்" என்றார்கள். அடுத்த மாதம் இருவரையும் கோயமுத்தூரில் உள்ள விடுதிக்கு அனுப்பவும் ஏற்பாடாகியிருந்தது.

"ராவுல பாய்ல கையப் போட்டுத் தேடறேன்யா" என்றாள் என்னிடம். "நீலா என் மேல காலப் போட்டுக்கினுதான் தூங்கும்."

வக்கீல் ஒரே வழிதான் சொன்னார். "தகப்பன் இருக்கும்வரை நீ கார்டியன் ஆக முடியாது. செத்துட்டார்னு கூண்டேறிச் சொல்லு."

அவள் எழுந்து போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து, அழுது முகம் வீங்கி வந்தாள்.

"எங்க நைனாகூட அதே மரத்துல போனவரு மாரியப்பன் மாமா. நைனாவ அலை இழுத்துக்கினு போனத பாத்தாராம். ஆனா நான் சொல்லாத அவரு சொல்லமாட்டாரு. எழுதுய்யா, நான் சொல்றேன்."

விசாரணையன்று விடுதிக்காரர்கள் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். தகப்பனைப் பற்றி ஜட்ஜ் கேட்டார். கன்னியம்மா கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்தாள்.

"எங்க நைனா செத்துட்டாரு."

அவள் சொன்ன பிறகே மாரியப்பன் கூண்டேறி, அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னார். உத்தரவு அவள் பக்கம் ஆயிற்று. ஏழு வயது நீலாவும் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை, புத்திசாலிகள் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

வராந்தாவில் தேசப்பன் ஓடிவந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். நீலா நெருங்கவே இல்லை.

"வந்துடுவாருன்னு நீதான சொன்ன? நீயே நைனாவ சாவடிச்சிட்ட. நான் உன்கூட வர்ல, போ!"

கன்னியம்மா நீலாவை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அந்தக் குழந்தை இரண்டு கையாலும் அவள் தோளிலும் கன்னத்திலும் அடித்தது. கன்னியம்மா அதைத் தடுக்கவில்லை. கேட் வரை கூடவே போன எனக்குத் தாங்கவில்லை.

"இறக்கி விடும்மா, காசிமேடு வரைக்கும் நடக்கணும். பொண்ணு கனக்கும்."

"கனக்கட்டும்யா" என்றாள். "தூக்கி ரெண்டு வருசமாச்சு."