நாப்பது அத்தானின் புது மதர்போர்டு

என் அக்கா வீட்டுக்காரருக்கு டிப்போவில் வைத்த பெயர் நாப்பது. டவுன் பஸ் ஓட்டுகிறவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஸ்பீடோமீட்டர் முள்ளை நாற்பதைத் தாண்டவிட்டதே இல்லை. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான், உள்ளே இருப்பவர்கள் வாய்விட்டே திட்டுவார்கள். அத்தான் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டுவாரே தவிர, காலை அழுத்த மாட்டார்.

இந்த மனுஷன் வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரை அடித்து விரட்டுவார் என்றால் யார் நம்புவார்கள்? செய்தவன் இவ்வளவு வேகம் போதும் என்று குறித்து அனுப்பிய சிப்பை, உள்ளே போய் எண்களை மாற்றி அதற்கு மேலே ஓட வைப்பார். ஓவர்கிளாக் என்று அதற்குப் பெயர். அதில் விளையாடவும் மாட்டார், படம் பார்க்கவும் மாட்டார். வேகத்தை அளக்கிற புரோகிராமை ஓடவிட்டு, புள்ளி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

"இதுல என்ன அத்தான் சந்தோஷம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரோட்டுல வேகமா போனா ஆள் சாவான்டா. இதுல போனா சூடுதான் ஆகும்."

சூடு கொஞ்சநஞ்சமில்லை. அதைத் தணிக்க ஆறு விசிறிகள். பழைய மதர்போர்டில் விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி எப்போதோ செத்துவிட்டதால், எல்லாவற்றையும் நேராக மின்சாரத்தில் கோத்துவிட்டிருந்தார். ஒன்றுக்கு இறக்கை வேறு உடைந்திருந்தது. மேசையே அதிரும். நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயத்தில் அதை நிறுத்துவதே கிடையாது. அக்கா போன் பண்ணினால் மாவு மில்லுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

அந்த மேசையை ஒட்டித்தான் அத்தானின் அப்பாவுக்குக் கட்டில். சின்ன வீடு, வேறு இடமில்லை. பெரியவர் அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் ஃபிட்டராக, நின்றுபோன மெஷினை ஓட வைக்கிற ஆளாக, இருந்தவர். அங்கே இருந்த சத்தத்தில் காது இரண்டும் போய்விட்டது. பக்கவாதம் வந்தபின் பேச்சு குறைந்தது, ஞாபகமும் அங்கங்கே கழன்றுகொண்டது. பாத்ரூமுக்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவார். காது கேட்காதவருக்கு இந்த இரைச்சல் என்ன செய்யும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். தூங்கும்போது ஒரு கை கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கிடக்கும். வெதுவெதுப்புக்காக என்றாள் அக்கா. கரண்ட் போனால் எழுந்து உட்கார்ந்து வாசலையே பார்ப்பார். புழுக்கம் என்று விசிறிவிடுவாள். அவ்வளவுதான் எங்கள் புத்தி.

போன மாதம் போர்டில் இருந்த கெபாசிட்டர் என்கிற குட்டி உருளைகள் தலை உப்பிக்கொண்டன. இனி தாங்காது என்று அத்தானுக்கே தெரிந்துவிட்டது. அக்காவுக்கு அதுதான் சாக்கு.

"புதுசு வாங்குறதா இருந்தா சத்தமில்லாததா வாங்குங்க. இல்லேன்னா அதுவாச்சு நீங்களாச்சு, நான் கிளம்பறேன்."

அத்தானின் வார லீவு அன்று அக்கா பெரியவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வீட்டில் நாங்கள் இருவர். எனக்கு டார்ச் பிடிக்கிற உத்தியோகம். அத்தான் கழற்றிய ஒவ்வொரு ஒயரையும் போட்டோ எடுத்துக்கொண்டார். போர்டோடு சேர்த்து வாங்கிய புது சிப்பைத் தூக்கி அதில் வைக்கும்போது, "மூச்சு விடாதடா," என்றார். அதில் ஒரு ஊசி வளைந்தாலும் புது போர்டு குப்பைக்குத்தான். சூட்டைக் கடத்துகிற பசையைக் கடலையளவு தடவி, மேலே பெரிய விசிறியைப் பூட்டினார். கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிச்சமானது. இருவரும் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

பட்டனை அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. சத்தம் மட்டும் வரவே இல்லை. நான் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன். விசிறிகள் சும்மா பேருக்குச் சுற்றின. வேகம் பழசைவிட அதிகம், சூடு பாதி. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். "ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"ஓடிட்டிருக்கு."

"நம்ம கடிகாரத்துக்குச் சத்தம் இருக்கா என்ன!" என்று சுவரைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

பெரியவரைப் படுக்கவைத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள். நானும் அத்தானும் இந்த வெற்றிக்கு ஒரு டீயாவது குடிக்க வேண்டாமா என்று தெருமுனைக்குப் போனோம்.

திரும்பி வந்தால் கட்டில் காலி.

பாத்ரூமில் இல்லை, சமையலறையில் இல்லை. பூனையைத் தேடுகிறவன் மாதிரி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அக்கா மாடியிலிருந்து துணியோடு வந்தவள், எங்கள் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கீழே போட்டாள். நடக்கவே முடியாத மனுஷன்! அப்போது அத்தானின் போன் அடித்தது. அதே டிப்போ டிரைவர் ஒருவர். அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"நாப்பது! உங்கப்பா மெயின் ரோட்டுல என் பஸ் முன்னாடி வந்துட்டாருப்பா! நான் பிரேக் அடிச்சு..."

லைன் அறுந்துவிட்டது.

அத்தான் ஓடிப்போய் பைக்கை எடுத்தார். நான் பின்னால் ஏறி உட்காருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். முள் எழுபதில் இருந்தது. அன்றைக்கு நான் பயந்த மாதிரி என்றைக்கும் பயந்ததில்லை, பெரியவருக்காகவும்தான், எங்கள் உயிருக்காகவும்தான்.

மெயின் ரோட்டின் நடுவில் பஸ் நின்றது. சுற்றிலும் கூட்டம். விலக்கிக்கொண்டு போனால், பெரியவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. பஸ்ஸின் முன்பக்கத் தகட்டில் உள்ளங்கையைப் பதித்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும், பல மாதங்களாக வராத பேச்சு குழறிக் குழறி வந்தது.

"இது ஓடுதுடா. அப்ப எது நின்னுச்சு?"

அத்தானுக்கு விளங்கவில்லை. பெரியவர் ஃபேக்டரி இருந்த திசையைக் காட்டினார். அது இடிந்து கார் நிறுத்துமிடமாகிக் காலம் ஆயிற்று.

"மெஷின் நின்னுடுச்சு. எல்லாரும் என்னைத்தானே தேடுவாங்க?"

அத்தான் அந்த இடத்திலேயே, நட்ட நடு ரோட்டில், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நாப்பது அழுது டிப்போ ஆள் யாரும் பார்த்ததில்லை. பெரியவர் காதால் இல்லை, கையால் கேட்டிருக்கிறார். இத்தனை நாளும் அவர் படுத்திருந்தது ஃபேக்டரியில்!

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பெரியவர் படுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டு, திரும்பவும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். அத்தான் ஓடிப்போய் மேசை முன்னால் உட்கார்ந்து, விசிறிகளின் வேகத்தை ஒவ்வொன்றாக ஏற்றினார். தணிப்பதற்குச் சூடே இல்லாத பெட்டிக்குள் ஆறும் இரைய ஆரம்பித்தன.

"பத்தாதுங்க," என்றாள் அக்கா. "அந்த இறக்கை உடைஞ்சதை எங்க வச்சீங்க?"

அது புது விசிறி போட்டதில் குப்பைக்கூடைக்குப் போயிருந்தது. அவளே தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். அத்தான் மாட்டினார். மேசை பழையபடி அதிர்ந்தது. கடிகாரச் சத்தம் போயே போய்விட்டது.

பெரியவர் உள்ளங்கையை அழுத்திக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"ஓடுது," என்றார். "யாருடா சரி பண்ணினது?"

காதில் கத்திப் பிரயோஜனமில்லை. அத்தான் குனிந்து, அப்பாவின் நெஞ்சை விரலால் தொட்டுக் காட்டினார். பெரியவர் தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.