சேலைக்கு ஒத்துவரும் மழைக்கோட்டு

புது மழைக்கோட்டைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் அந்த ரப்பரும் பவுடரும் கலந்த நெடி, எனக்கு இன்றைக்கும் நான் நாலாம் வகுப்புப் படித்த ஐப்பசி மாதத்தைத்தான் கொண்டுவருகிறது. அம்மா அந்த வருடம்தான் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். நானும் அதே பள்ளி என்பதால் எங்கள் ஊரான கூட்டேரிப்பட்டிலிருந்து ஸ்கூட்டரில் சேர்ந்தே போய்வருவோம். டீச்சர்கள் சேலைதான் கட்டவேண்டும், மழையைச் சாக்குச் சொல்லி லீவு எடுத்தால் அடுத்த வருடம் வேலை கிடையாது என்பது அங்கே சட்டம்.

சேலைக்கு மேல் எதைப் போடுவது? தலைவழியாக மாட்டி உடம்பு முழுக்கப் போர்த்திக்கொள்ளும், ஊரார் 'கூடாரம்' என்று கேலி செய்த ஒன்றைத்தான் அம்மா முதலில் வாங்கினாள். பின்சீட்டில் நானும் அதற்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ள, கீழே ஓடும் தார்ச்சாலை மட்டும் எனக்குத் தெரியும். ஒருநாள் லாரி ஒன்று உரசுவதுபோல் சீறிப் போன காற்றில் கூடாரம் எழும்பி அம்மாவின் முகத்தை மூடிவிட்டது. கண் தெரியாமலே அவள் பிரேக்கைப் பிடித்து வண்டியை மண்ணில் இறக்கினாள். நல்லவேளை, விழவில்லை.

விஷயம் தெரிந்ததும் அப்பா கத்தினார். "மழை வுடுற வரைக்கும் வேலைக்குப் போவ வேணாம். புள்ளைய வச்சிக்கினு பேஜாரு பண்ணாத."

"வேலைய வுடமாட்டேன். வேற கோட்டு வாங்கிக்கினு போறேன்" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக்குப் போனோம். "சேலைக்குன்னு கோட்டு வர்றதில்லக்கா, ஜென்ஸ் மாடல்தான்" என்று கடைக்காரர் கைவிரித்தார். அம்மா அசரவில்லை. சேலையை முழங்காலுக்குச் சுருட்டி, அதன்மேலேயே அந்த ஜென்ஸ் செட்டின் தொளதொள பேன்ட்டை ஏற்றி, கோட்டையும் மாட்டிக்கொண்டு வெளியே நின்ற ஸ்கூட்டரில் போய் உட்கார்ந்தாள்.

"இப்ப தண்ணி ஊத்துங்க."

"எங்கக்கா?"

"மடியில."

வண்டியில் உட்கார்ந்தவருக்கு மடியில்தான் தண்ணீர் தேங்கும், அங்கிருந்துதான் தையல் வழியே உள்ளே இறங்கும் என்று மற்ற டீச்சர்கள் புலம்பியதை அவள் காதில் வாங்கி வைத்திருந்தாள். கடைக்காரர் திருதிருவென்று விழித்துக்கொண்டே பக்கெட்டைச் சாய்த்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு மானம் போனது. சேலை நனைந்தது. "வேற காட்டுங்க" என்றாள். அதுவும் ஒழுகியது. கடைசியில், யாரும் சீந்தாமல் பரண்மேல் கிடந்த, தையல்களின் மேல் உள்பக்கம் டேப் ஒட்டிய மஞ்சள் கோட்டு ஒன்று இறங்கி வந்தது. பக்கெட் காலியாகியும் சேலையில் புதிதாக ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. "மஞ்சக்கலர் கண்ணைக் குத்துமேக்கா" என்றார் அவர். "குத்தட்டும், லாரிக்காரனுக்குத் தெரியணும்ல" என்றாள் அம்மா. எனக்கும் ஒரு சின்னக் கோட்டு கிடைத்தது.

மறுநாள் கொட்டுகிற மழையில் வண்டியைக் கிளப்பினாள். வாசலில் உம்மென்று நின்ற அப்பா, "முந்தானை தொங்குது பாரு, சக்கரத்துல சிக்கப்போவுது" என்று கிட்டே வந்து, அதைக் கோட்டுக்குள் செருகிவிட்டார்.

ஓய்வு பெறும்வரை அம்மா மழைக்கென்று ஒருநாளும் லீவு எடுக்கவில்லை. இப்போது விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நான் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். பெண்களுக்கென்றே தைத்த கோட்டுகள் கடைக்குக் கடை தொங்குகின்றன. அன்று நாங்கள் மழைக்கு ஒதுங்கிய சாலையோரப் புளியமரங்கள்தான் இல்லை. போன வாரம் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. அப்பா போன் செய்தார். பழைய பாட்டைப் பாடப்போகிறார் என்று நானும் சண்டைக்குத் தயாராகத்தான் போனை எடுத்தேன்.

"கெளம்பிட்டியாம்மா? கோட்டு எடுத்துக்கினியா?" என்று மட்டும் கேட்டார்.